மூக்கருகே ஒரு விரல்

அப்பா ஓட்டிவந்த பேருந்து சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தபோது அப்பா தூங்கிப்போனார். மத்தியானம் மூன்று மணி. உள்ளே நாற்பது பேர். பிரேக்கின் மேலிருந்த கால் தளர, பேருந்து ஆமை மாதிரி நகர்ந்துபோய் முன்னால் நின்ற பால் வண்டியின் முதுகில் முட்டியது. நான்கு பால் பெட்டிகள் சரிந்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கண்டக்டர் மாமா விசிலை ஊதிக்கொண்டே முன்னால் ஓடிவந்து பார்த்தபோது, அப்பா ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம்.

"பால் வண்டியா இருந்ததால தப்பிச்சோம் அண்ணி," என்று அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார் மாமா. "பெட்ரோல் வண்டியா இருந்திருந்தா நான் இப்படி உக்காந்து டீ குடிச்சிட்டு இருப்பேனா?"

அம்மா அவருக்கு இரண்டாவது டீ கொடுக்கவில்லை.

டிப்போவில் அப்பாவிடமிருந்து பேருந்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் வயர்களை ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். தூங்கும்போது ஒரு மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு முறை மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் பெரிய டாக்டர். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. மூச்சு திணறியதும் உடம்பு பதறி எழுப்பிவிடுகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. "இவர் ஏழு மணி நேரம் படுத்திருக்கார். ஆனா தூங்கினது ஒரு மணி நேரம்கூடத் தேறாது," என்றார்.

அதற்கு மருந்தோ மாத்திரையோ கிடையாதாம். ஒரு மெஷின் கொடுத்தார்கள். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அறையில் இருக்கும் சாதாரணக் காற்றையே இழுத்து, வடிகட்டி, அழுத்தம் கொடுத்து, ஒரு நீளக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். மூக்கை மட்டும் மூடுகிற ஒரு மாஸ்க்கை வார் போட்டுத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஊதின பலூன் சுருங்காமல் நிற்பதுபோல, அந்தக் காற்று தொண்டையை அடைத்துக்கொள்ளாமல் திறந்தே வைத்திருக்கும்.

மெஷினுக்குள் நகம் அளவில் ஒரு கார்டு இருந்தது. எப்போது போட்டார், எப்போது கழற்றினார், எத்தனை முறை மூச்சு நின்றது, எவ்வளவு காற்று வெளியே ஒழுகியது எல்லாம் அதில் பதிந்துவிடும். முப்பது நாள் பார்ப்பார்கள். கடைசிப் பத்து நாளும் ஒழுகல் இல்லாமல் சுத்தமாக இருந்தால் பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுவார், பேருந்து திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை டிப்போ வாசலில் இருக்கும் சின்ன அறையில், எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, வெளியே போனது என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த முப்பது நாளைக்கு அதைத்தான், அதுவும் இரவு ஷிப்டில், அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ஜன்னல் வழியா பஸ்ஸைப் பாக்குற வேலை," என்றார் அப்பா. "இருபத்தாறு வருஷம் பஸ் ஜன்னல் வழியா ஊரைப் பாத்தவனுக்கு."

அதற்கு மேல் அதைப்பற்றி அவர் பேசவில்லை. எங்கள் அப்பா பேசாமல் இருந்தால் அது நல்லதுக்கில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இரவு வேலை என்பதால் அப்பாவின் தூக்கம் பகலுக்கு மாறியது. காலை எட்டு மணிக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு உள் அறையில் படுப்பார். நான் முன் அறையில் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். துணியிடம் பேச வேண்டியதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, தலையணை உறை தைப்பது என்று அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். இரண்டு அறைக்கும் நடுவே கதவு கிடையாது, திரைதான். ஆக எங்கள் வீட்டில் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு மெஷின், அந்தப் பக்கம் ஒரு மெஷின்.

மாஸ்க்கை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தவருக்கு நாங்கள் காத்து அக்கா என்று பெயர் வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடிக் கோடியில் அவருடைய அறை. சுவர் முழுக்க ஆணியடித்து, சின்னது, நடுத்தரம், பெரியது என்று மாஸ்க்குகளை மாட்டி வைத்திருந்தார். யாரோ வரிசையாக மூக்குகளைக் கழற்றித் தொங்கவிட்டுப் போனது மாதிரி இருக்கும்.

"வாரை இறுக்கக்கூடாது சார். ரெண்டு விரல் உள்ள நுழையணும். இறுக்கினா ரப்பர் மடங்கி, அந்த வழியா காத்து போயிடும்," என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் வாரைப் பிடித்து, சக்கரத்துக்கு நட்டு முறுக்குகிற மாதிரி இறுக்கினார். மாலையில் எழுந்தபோது இரண்டு கன்னத்திலும் தண்டவாளம் போட்டிருந்தது.

"யானைக்குத் தும்பிக்கை வெச்ச மாதிரி இருக்கு," என்றாள் அம்மா.

"யானைக்கு தும்பிக்கை இருக்கத்தான்டி செய்யும்."

"அதைத்தான் சொல்றேன்."

நான்கைந்து நாளில் அப்பாவுக்குப் பழகிவிட்டது. படுத்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவார். வீடு அப்படியொரு அமைதியாக இருந்தது. எங்கள் வீட்டுக் குறட்டை தெருமுனைவரை பெயர்பெற்றது. எதிர்வீட்டுக்காரர் புதிதாக வருபவர்களுக்கு அடையாளம் சொல்லும்போது, "அங்க வந்து நின்னு காதைக் குடுங்க, எங்க சத்தம் வருதோ அதுக்கு எதிர்வீடு," என்பார். இப்போது மெஷினின் மெல்லிய இரைச்சல் மட்டும்தான். என் ஊசி துணியில் இறங்குவது எனக்கே கேட்டது.

பத்தாம் நாள் மூன்று பேரும் கார்டை எடுத்துக்கொண்டு போனோம். காத்து அக்கா அதைக் கம்ப்யூட்டரில் போட்டதும் திரையில் மலைகள் மாதிரி கோடுகள் வந்தன. முதலில் அவர் முகம் மலர்ந்தது.

"ஐம்பத்திரண்டு எங்க, ஒன்பது எங்க! அருமை சார்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா கோட்டை நகர்த்திக்கொண்டே போனார். அவருடைய புருவம் சுருங்கியது.

"ஆனா இது என்னது? நடுநடுவுல காத்து சுத்தமா வெளிய போகுது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். திரும்ப சரியாயிடுது. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. நடுவுல மாஸ்க்கைக் கழட்டுறீங்களா?"

"கிடையவே கிடையாது."

"தூக்கக் கலக்கத்துல?"

"ஏம்மா, நான் படுத்தா கட்டை. நீங்க வந்து என் வீட்டைத் தூக்கிட்டுப் போனாலும் தெரியாது."

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சொல்லத் தயங்குகிற மாதிரி சொன்னார். "மீசை காரணமா இருக்கலாம் சார். ரப்பர் அது மேலதான் உக்காருது. முடி வழியா காத்து ஒழுகும்."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. டிப்போவில் அவருக்குப் பெயரே மீசைக்காரர்தான். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட, அடர்ந்த, அங்கங்கே நரையோடிய மீசை. பயணிகள்கூட "மீசைக்காரர் பஸ் போயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். நான் பிறந்ததிலிருந்து அவர் மேலுதட்டைப் பார்த்ததில்லை.

"கொஞ்சம் குறைச்சா போதுமா?"

"முழுசா எடுத்தா நல்லது."

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அன்றே அப்பா சலூனுக்குப் போனார். சலூன்காரர் நம்பாமல் மூன்று முறை கேட்டாராம். நான்காவது முறை கேட்டால் நானே பிளேடை வாங்கி இழுத்துவிடுவேன் என்றாராம் அப்பா. வீட்டு வாசலில் வந்து நின்றபோது வேறு யாரோ வந்திருக்கிறார் என்று நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். மேலுதடு மட்டும் தனியாக, வெயிலே படாமல், வெளுத்துப்போய்க் கிடந்தது.

"என்னடி அப்படிப் பாக்குற? அப்பாதான்."

குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிச்சயமாயிற்று.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். ஒரு தலையணை உறைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் "புஸ்ஸ்" என்று பெரிதாகக் காற்று போகும் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் அதை மெஷின் போடுகிற சத்தம்தானே என்று விட்டிருந்தேன். மீசை போயும் ஒழுகுகிறதே என்று தையலை நிறுத்தினேன். அளவு எழுதும் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் நேரத்தை எழுதினேன். பதினொன்று பத்து. பிறகு பன்னிரண்டு ஐந்து. பிறகு பன்னிரண்டு ஐம்பது. அப்பா எந்தப் பக்கம் புரளும்போது ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தால் அந்தப் பக்கம் ஒரு தலையணை தைத்து முட்டுக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

ஒன்றரை மணிக்கு மறுபடி கேட்டது. ஊசியைத் துணியில் குத்திவிட்டு, சத்தம் போடாமல் போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன்.

அப்பா புரளவில்லை. மல்லாந்து, அசையாமல் படுத்திருந்தார். கட்டில் பக்கத்தில் அம்மா மண்டியிட்டிருந்தாள். இடது கையால் மாஸ்க்கை அவர் மூக்கிலிருந்து மெல்லத் தூக்கிப் பிடித்திருந்தாள். வலது கையின் ஆள்காட்டி விரல் அப்பாவின் மூக்குக்குக் கீழே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிற மாதிரி இருந்தது. விரலில் காற்று பட்டிருக்க வேண்டும். மாஸ்க்கை மறுபடி பொருத்தி, வாரைச் சரிசெய்து, அவர் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

திரும்பினாள். எதிரே நான் நின்றிருந்தேன்.

என் கையைப் பிடித்துத் தரதரவென்று உள் அறையை ஒட்டியிருந்த சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதடி."

"என்னம்மா பண்ற நீ?" என்றேன். என் குரல் எனக்கே ஓங்கிக் கேட்டது.

"சத்தமே இல்லடி. குறட்டை இல்ல, இருமல் இல்ல, ஒண்ணுமே இல்ல. அந்த டப்பா மட்டும் உஸ்ஸுன்னு ஊதிட்டே இருக்கு. ஆள் போயிட்டாலும் அது ஊதிட்டேதானே இருக்கும்?"

"வயித்தைப் பாக்கலாமே. ஏறி இறங்குமே."

"வயிறு ஏமாத்தும்." அம்மா இதை எனக்குத் தெரியாத ஒரு ரகசியத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். "எத்தனை வருஷமா பாக்குறேன். மூச்சு அடைச்சுக்கிட்டப்பவும் வயிறு ஏறி ஏறி இறங்கும். நெஞ்சு துடிக்கும். ஆனா மூக்குல காத்தே வராது. மூக்கை மட்டும்தான் நம்பணும்."

அப்பா பேருந்து ஓட்டுவது அந்தக் கோட்டில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். மீசையே போய்விட்டது என்றும் தெரியும்.

"அதான்டி சொல்ல முடியல," என்றாள். "முன்னாடியே சொல்லியிருந்தா திட்டு மட்டும்தான். இப்ப மீசைக்கு நான் எங்க போவேன்? இனிமே தொட மாட்டேன். சத்தியமா."

அன்று மதியம் தொடவில்லை. மறுநாள் மூன்று முறை தொட்டாள். அதற்கு அடுத்த நாள் ஆறு. நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு புஸ்ஸுக்கும் தையல் கோணிற்று. போய்த் தடுத்தால், "இந்த ஒரு தடவை மட்டும்," என்பாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அப்பா தூங்கும் நேரத்தில் அவள் தூங்குவதில்லை. அப்பா வேலைக்குப் போன பிறகும், ஆள் டிப்போவில் விழித்துக்கொண்டிருப்பார் என்று தெரிந்தும், பழக்கதோஷத்தில் முழித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் சாப்பிடும்போது பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா?" என்றார். "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இருபதாம் நாள் மறுபடி மூன்றாவது மாடிக்குப் போனோம்.

காத்து அக்கா அப்பாவைப் பார்த்ததும் ஒரு நொடி அடையாளம் தெரியாமல் நின்றார். பிறகு கார்டைப் போட்டார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"சார், குறையவே இல்லையே," என்றார். "நேத்து மட்டும் ஏழு தடவை. மூக்கை விட்டு மாஸ்க் எழும்பினாத்தான் இப்படிக் கோடு வரும். இன்னும் பத்து நாள்தான் இருக்கு. இப்படியே போனா டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார்."

அப்பா மேலுதட்டைத் தடவினார். அங்கே முறுக்க ஒன்றும் இல்லை.

"அப்ப நான்தான் தூக்கத்துல கழட்டுறேன் போலம்மா," என்றார். "எனக்கே தெரியாம என் கை ஒரு வேலை பண்ணுதுன்னா, அந்தக் கையில எப்படி ஸ்டியரிங்கைக் குடுப்பாங்க? அன்னைக்கு பஸ் நின்னுட்டிருந்துச்சு. ஓடிட்டிருந்தா? நாற்பது உசிரு." திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்மா. பஸ் வேணாம்னு எழுதிடுங்க. நான் அந்த ரூம்லயே இருந்துக்கிறேன்."

அக்கா பேனாவை எடுக்கவில்லை. அம்மா மடியில் இருந்த பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

என் பையில் அந்த நோட்டு இருந்தது. எழுந்து நின்றேன். பேசத்தான் எழுந்தேன், ஆனால் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. நோட்டைப் பிரித்து, கடைசிப் பக்கத்தை அக்காவின் மேஜைமேல் வைத்து, விரலால் காட்டினேன்.

"என்னது இது? பன்னிரண்டு அஞ்சு, பன்னிரண்டு ஐம்பது, ஒன்றரை..." அக்கா நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். விரலால் கோட்டில் ஒவ்வொரு மலையாகத் தொட்டார். "பன்னிரண்டு அஞ்சு இருக்கு. பன்னிரண்டு ஐம்பது இருக்கு. ஒன்றரை இருக்கு. அப்படியே இருக்கே! நீ எப்படிம்மா எழுதின? இந்த நேரத்துல யார் என்ன பண்ணாங்க?"

நான் அம்மாவைப் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

"நான்தான்," என்றாள் அம்மா.

அப்பா மெல்லத் திரும்பினார். "நீயா?"

"நான்தான் தூக்கிப் பாத்தேன். மூச்சு வருதான்னு." பையின் காது அவள் கையோடு வந்துவிட்டது. அதைப் பார்க்காமலேயே பேசினாள். "கல்யாணம் ஆன முதல் வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. குறட்டை திடீர்னு நிக்கும். நான் எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... இருபது வரைக்கும் போகும். சில நாள் முப்பது. அப்புறம் முழங்கையால ஒரு இடி. இவர் திணறி, திரும்பப் படுப்பார். மூச்சு வரும். இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான் தூங்குறேன். அவ்வளவு நாள் நான்தானே மெஷின்? இப்ப திடீர்னு ஒரு டப்பாவை வெச்சுட்டு, நீ ஒண்ணும் பண்ண வேணாம், தூங்குன்னா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அந்த இடி எல்லாம் நீதானா?" என்றார் அப்பா. "விலா எலும்பு வலிக்குதேன்னு நான் சீட்டை மாத்தச் சொல்லி டிப்போவுல எத்தனை தடவை எழுதிக் குடுத்திருக்கேன்!"

காத்து அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி. மீசையை எடுக்கச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன்."

"அப்புறம்?"

"ஒரு தடவை எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு தோணுச்சு."

அப்பா அவளையே பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய வெளுத்த மேலுதடு துடித்தது. அது சிரிப்பு என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அந்த உதடு சிரித்து நான் பார்த்ததில்லையே.

அக்கா எழுந்து, ஓரத்தில் இருந்த கட்டிலில் அப்பாவைப் படுக்கச் சொன்னார். மெஷினை இயக்கி மாஸ்க்கை மாட்டினார். பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, குழாயின் நடுப்பகுதியை எடுத்து அம்மாவின் காதோடு வைத்தார்.

"மாஸ்க்கைத் தூக்க வேணாம்மா. இதைக் கேளுங்க. உள்ள இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம். கேக்குதா?"

அம்மா கண்ணை மூடினாள். புருவத்தைச் சுருக்கினாள். "டப்பா சத்தம்தான் கேக்குது."

"அவசரப்படாதீங்க."

நாங்கள் காத்திருந்தோம். அம்மாவின் புருவம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"வருது," என்றாள் மெதுவாக. "ஊஊன்னு போகுது. அப்புறம் ஆன்னு வருது. டப்பா சத்தத்துக்குள்ள இருக்கு."

அக்கா அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வயிற்றை மட்டும் ஏற்றி இறக்கினார். அம்மா சொன்ன வயிற்றுத் திருட்டை அவர் அப்படியே நடித்தார்.

"ஐயோ, நின்னுடுச்சு!" என்று அம்மா கத்தினாள். கத்திய வேகத்தில் முழங்கையால் அப்பாவின் விலாவில் ஓர் இடி வைத்தாள்.

"இந்த மெஷினுக்கு கார்டு போட மறந்துட்டாங்க," என்றார் அப்பா, மாஸ்க்குக்குள்ளிருந்து மூக்கால்.

மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கும்படி அக்கா சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நாளையிலேர்ந்து பத்து நாள். ஒரு தடவைகூட மாஸ்க் எழும்பக்கூடாது. அடுத்த தடவை உங்க பொண்ணோட நோட்டையும் கொண்டுவாங்க. என் கம்ப்யூட்டரை விட அது ஒழுங்கா இருக்கு."

அன்று சாயங்காலம் மிச்சம் விழுந்த ஃபிளானல் துணியில் குழாய்க்கு ஓர் உறை தைத்தேன். குழாயின் நெளிவுகள் கன்னத்தில் குத்தாமல் இருக்க வேண்டும். அம்மா படுக்கும் பக்கம் வருகிற இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு மெல்லிய துணி வைத்தேன், சத்தம் தடையில்லாமல் வர. மறுநாள் ஒன்பது மணிக்கு அப்பா படுத்தார். அம்மாவும் பக்கத்தில் படுத்து, அந்த இடத்தைத் தலையணையில் போட்டு, அதன்மேல் காதை வைத்துக்கொண்டாள்.

நான் தைக்கவில்லை. கையில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணி ஆயிற்று. பதினொன்று. பன்னிரண்டு. மெஷினின் இரைச்சலுக்கு நடுவே வேறொரு சத்தம் வந்தது. மெல்லிய, கீச்சென்ற, முடிவில் சீட்டியடிக்கிற மாதிரியான சத்தம். பதறிப்போய்த் திரையை விலக்கினேன்.

அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுத ஒன்றுமே இருக்கவில்லை. இருபத்தேழாம் நாள் மட்டும் ஒரு புஸ் கேட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா அரைத்தூக்கத்தில் மாஸ்க்குக்குள் விரலை விட்டு மேலுதட்டைச் சொறிந்துகொண்டிருந்தார். முடி முளைக்கத் தொடங்கியிருந்தது, அரிக்கும்போல. அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை.

முப்பதாம் நாள் அந்த ஒரு புஸ்ஸைக் காத்து அக்கா திரையில் காட்டினார். "மீசை அரிச்சுதுக்கா," என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே ஒரு சொறிதலை டாக்டர் கணக்கில் வைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு, அக்கா கார்டின் விவரத்தையெல்லாம் ஒரு தாளில் எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. திரும்பி வந்த அக்கா வழியிலேயே தாளை ஆட்டினார். கீழே நீல மையில் கையெழுத்து இருந்தது. மூச்சு நின்றது ஒரு மணி நேரத்துக்கு மூன்று முறைதான். அது உங்களுக்கும் எனக்கும்கூட நிற்குமாம்.

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். யாரும் சொல்லவில்லை.

அடுத்த திங்கள்கிழமை காலை அப்பாவின் முதல் நடையில் அம்மாவும் நானும் ஏறினோம். அப்பாவுக்குப் பின்னால் இருக்கும் இருக்கை. கண்டக்டர் மாமா டிக்கெட் கிழித்துக்கொண்டே, "அண்ணி, கவலைப்படாதீங்க, இன்னைக்கு வழியில ஒரு பால் வண்டிகூட விடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்," என்றார். அம்மா அவரை முறைத்தாள். ஆனால் இறங்கும்போது வீட்டுக்கு டீ குடிக்க வரச்சொல்ல வேண்டும் என்று என் காதில் சொன்னாள்.

நிறுத்தங்களில் ஏறியவர்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு டிரைவர் என்று நினைத்து உள்ளே போனார்கள். ஒருவர் மட்டும், "மீசைக்காரர் எங்கங்க? அன்னையிலேர்ந்து காணோமே," என்று அப்பாவிடமே கேட்டார்.

"வளர்ந்துட்டு இருக்கார்," என்றார் அப்பா.

அந்தச் சிவப்பு விளக்கு வந்தது. பேருந்து நின்றது. நான் அப்பாவின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அகலமாக, தெளிவாக, எதிரே இருந்த விளக்கைப் பார்த்தபடி இருந்தன. பச்சை விழுந்தது. பேருந்து நகர்ந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன்.

அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. கடைசி நிறுத்தம்வரை போனோம்.

எல்லோரும் இறங்கிய பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு அப்பா எழுந்து வந்தார். அம்மாவின் எதிரே குனிந்து நின்றார். என்னைப் பார்த்து வாய்மேல் விரலை வைத்துப் பேசாதே என்றார். பிறகு அதே விரலை மெல்ல நீட்டி, அம்மாவின் மூக்குக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வருதா அண்ணே?" என்று பின்னாலிருந்து கேட்டார் கண்டக்டர் மாமா.

"வருது, வருது," என்றார் அப்பா.

அம்மாவின் முழங்கை தூக்கத்திலேயே எழும்பியது.